கொள்ளுத்தாத்தாவின் சுரங்கப் பங்குகள்: பழைய பத்திரத்தைப் பின்தொடர்ந்து போவது எப்படி?

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒரு பேச்சு உண்டு. கொள்ளுத்தாத்தாவுக்குக் கோலார் தங்கச் சுரங்கத்தில் கால் பங்கு இருந்ததாம், யாரோ ஏமாற்றிவிட்டார்களாம். கல்யாணத்திலும் கருமாதியிலும் இந்தக் கதை தவறாமல் பந்திக்கு வரும். 2023 டிசம்பர் புயலில் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அவசர அவசரமாகப் பரணுக்கு ஏற்றிய டிரங்குப் பெட்டி ஒன்றை, தண்ணீர் வடிந்த பிறகு அத்தை திறந்தார். உள்ளே சிவப்புத் துணி சுற்றிய கணக்குப் புத்தகம்; அதன் நடுவே நாலாக மடித்த ஒரு பங்குப் பத்திரம்.

கொள்ளுத்தாத்தா துறைமுகத்தை ஒட்டிய ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. ஜார்ஜ் டவுனில் தரகர், துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), கணக்குப்பிள்ளை என்று வேலை பார்த்த பலர் ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் குடியிருந்தார்கள். லண்டனில் புதிதாகத் தொடங்கிய சுரங்கக் கம்பெனியைப் பற்றிய செய்தி இவர்கள் கைவழியாகத்தான் ஊருக்குள் வந்தது. ஆகவே இந்தப் பகுதியின் பழைய வீடுகளில் இன்னும் சில பெட்டிகளில் இத்தகைய காகிதங்கள் இருக்கக்கூடும். அவற்றை என்ன செய்வது என்று ஓராண்டு அலைந்து கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், காகிதத்தைக் காப்பாற்றுங்கள்

லாமினேட் செய்யாதீர்கள். கிடைத்த மறுநாளே கடைக்கு ஓடி இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டு வருவதுதான் நம் வழக்கம். சூட்டில் பழைய மை மங்கும். பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. சேகரிப்பாளர்களிடம் மதிப்பும் போய்விடும்.

குண்டூசி இருந்தால் இழுக்காமல் மெல்லச் சுழற்றி எடுங்கள். கடல் காற்றில் துருப்பிடித்த ஊசி காகிதத்தையும் தின்றிருக்கும். ஈரமாக இருந்தால் வெயிலில் போடாமல், மின்விசிறிக் காற்றில் வெள்ளைத்தாள் மேல் விரித்து வையுங்கள். காய்ந்ததும் சன்னலோர வெளிச்சத்தில் முன்புறம், பின்புறம், ஓரங்கள் என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். பின்புறத்தை விட்டுவிடாதீர்கள்; பங்கு கைமாறியிருந்தால் சில வேளை அங்கேதான் குறித்திருப்பார்கள். பத்திரம் கிடந்த பெட்டியில் இருந்த மற்ற காகிதங்களையும், உறைகள் உட்பட, ஒன்றாகவே வையுங்கள். எங்களுக்குப் பூட்டைத் திறந்தது பத்திரமல்ல, அதோடு கிடந்த கணக்குப் புத்தகம்.

இரண்டாவது, பத்திரத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

கம்பெனியின் முழுப்பெயர், எந்த ஊரில் எந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவானது, பங்குகளின் எண்ணிக்கை, ஒரு பங்கின் முகமதிப்பு (பத்திரத்தில் அச்சிட்ட விலை), எவ்வளவு கட்டப்பட்டது, பங்கு எண்கள், பத்திர எண், தேதி, பெயர், முகவரி. இவை அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இவற்றில் இரண்டு மிக முக்கியம். ஒன்று, பதிவான சட்டம். இந்தியக் கம்பெனிச் சட்டம் 1882 அல்லது 1913 என்று இருந்தால் தேடலை இங்கேயே தொடங்கலாம். இங்கிலாந்துச் சட்டம் என்றால் தேட வேண்டிய இடம் லண்டன். மற்றது, முழுதும் கட்டிய பங்கா, பாதி கட்டியதா என்பது. அந்தக் காலத்தில் பங்கின் முழு விலையையும் ஒரேயடியாக வாங்கமாட்டார்கள். முதலில் ஒரு பகுதி. பிறகு குழி தோண்டப் பணம் தேவைப்படும்போதெல்லாம் பங்குதாரர்களுக்குக் கடிதம் போட்டு அடுத்த தவணையைக் கேட்பார்கள். கட்டாவிட்டால் பங்கு பறிமுதல். பத்திரம் கையில் இருப்பதாலேயே பங்கும் இருந்தது என்று சொல்ல முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பாதி கட்டிய பங்கு என்று தெரிந்ததும் ‘மிச்சத்தை நம்மிடம் கேட்பார்களோ’ என்று எங்கள் சித்தப்பா பயந்துவிட்டார். எப்போதோ கலைந்துபோன கம்பெனி கொள்ளுப்பேரனிடம் தவணை கேட்டு வராது.

மூன்றாவது, கணக்குப் புத்தகம்

இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய தமிழ்க் கணக்குகளில் ஆங்கிலத் தேதி இருக்காது. ஆண்டின் பெயர், மாதம், நாள். அவையும் குறியீடுகளாக: ௵ என்றால் ஆண்டு, ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய், ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி. எண்களும் தமிழில் இருக்கலாம்: ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். இந்தச் சிறு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டால் பாதிப் பக்கம் தானாகப் படிந்து வரும்.

ஆண்டின் பெயர் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பும். ‘ஆனந்த’ என்றால் 1854ஆக இருக்கலாம், 1914ஆக இருக்கலாம், 1974ஆகவும் இருக்கலாம். எது என்பதைச் சுற்றியுள்ள பதிவுகளை வைத்து முடிவு செய்யுங்கள். எங்கள் புத்தகத்தில் ஆனந்த ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு பதிவு. அடுத்த மாதம், புரட்டாசியில், ‘குண்டு போட்ட பயத்தில் ஊருக்கு வண்டிச் சத்தம்’ என்று ஒரு செலவு. ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது 1914 செப்டம்பர் 22. ஆண்டு உறுதியாகிவிட்டது.

அந்த ஆவணிப் பதிவு இதுதான்: ‘௸ கம்பெனி ஷேர் கால் வகைக்கு ௹ 37-8-0.’

அத்தை அந்த வரியில் விரலை வைத்து, ‘பார், கால் பங்கு என்று எழுதியே வைத்திருக்கிறார்’ என்றார். எனக்கும் ஒரு நிமிடம் உடல் சிலிர்த்தது. பிறகு பத்திரத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். (அன்றைய இங்கிலாந்துக் காசில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன்; நம் ரூபாய்க்கு 16 அணா.) 10 ஷில்லிங் முகமதிப்புள்ள 20 பங்குகள். பங்குக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டியாயிற்று என்று அதில் இருந்தது. பாக்கி, பங்குக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். 20 பங்குக்கு 50 ஷில்லிங், அதாவது இரண்டரைப் பவுன். அன்றைக்கு ஒரு பவுன் 15 ரூபாய். இரண்டரைப் பவுனுக்கு 37 ரூபாய் 8 அணா. பைசா பிசகவில்லை.

‘கால்’ என்பது நாலில் ஒன்று அல்ல. தவணைப் பணத்தைக் கேட்டு அழைப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் (call) அது. குமாஸ்தா என்பதால் அலுவலகச் சொல்லை அப்படியே தமிழில் எழுதியிருக்கிறார். கொள்ளுத்தாத்தா அந்தக் கம்பெனியில் போட்டது, எல்லாம் சேர்த்து 10 பவுன், 150 ரூபாய்.

உங்கள் கணக்குக்கு ஒரு குறிப்பு: ரூபாயின் மதிப்பு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைப்படுத்தப்பட்டது, 1927இல் 1 ஷில்லிங் 6 பென்ஸ் ஆனது. பவுனுக்கு 15 ரூபாய் என்பது முன்னதற்கும், 13 ரூபாய் 5 அணா 4 பை (ஓர் அணாவுக்கு 12 பை) என்பது பின்னதற்கும் பொருந்தும். 1917இல் தொடங்கிச் சில ஆண்டுகள் இந்த விகிதம் ஆட்டம் கண்டது. அந்தக் காலப் பதிவு என்றால் கணக்கு இடிக்கலாம்.

நான்காவது, எந்த அலையில் வாங்கிய பங்கு?

தேதியும் இடமும் தெரிந்ததும், அது எந்தச் சுரங்க மோகத்தைச் சேர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

1879 முதல் 1882 வரை என்றால் அது வயநாட்டுத் தங்கமாக இருக்கலாம். நீலகிரிக்கு மேற்கே தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று கிளம்பிய பேச்சில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சுரங்க நிபுணர் பிரஃப் ஸ்மித்தின் அறிக்கையும் சேர்ந்துகொள்ள, லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. சில ஆண்டுகளில் எல்லாம் படுத்துவிட்டன. இன்று அந்த மலைகளில் தேயிலை.

கோலார் கதை வேறு. லாவெல் என்ற முன்னாள் சிப்பாய் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். சுரங்கம் தோண்ட அவரிடம் பணம் இல்லை. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வாகத்துக்கு வந்தது. முதல் சில ஆண்டுகள் போட்ட பணம் எல்லாம் குழிக்குள் போயிற்று. பிறகுதான் சாம்பியன் என்ற தங்கப் படிவு அகப்பட்டது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க் ஆகிய பெரிய கம்பெனிகள் பல பத்தாண்டுகள் ஈவுத்தொகை (லாபத்தில் பங்கு) தந்தன. அவற்றின் பெயர் வெளிச்சத்தைக் காட்டி, பக்கத்திலேயே நிலம் பிடித்து ‘நாங்களும் கோலார்தான்’ என்று பங்கு விற்றவையும் உண்டு. எங்கள் பத்திரம் அந்த இரண்டாம் ரகம். அதே காலத்தில் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போய் அந்தக் குழிக்குள் இறங்கிய தமிழர்களின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை.

நிலக்கரி என்றால் சிங்கரேணியைப் பாருங்கள். இல்லந்துவில் கரி எடுக்க 1886இல் இங்கிலாந்தில் பதிவானது ஹைதராபாத் டெக்கான் கம்பெனி. இன்றைய சிங்கரேணி காலரீஸ் 1920இல் பதிவான வேறொரு கம்பெனி. 1945இல் அதன் பங்குகளை நிஜாம் அரசு வாங்கிக்கொண்டது. அப்ரகம் (மைக்கா) என்றால் கூடூர், நெல்லூர். மாக்னசைட் என்றால் சேலத்துச் சுண்ணாம்புக் குன்றுகள். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் வியாசர்பாடி பக்கம் நிறைய உண்டு. அவர்கள் பெட்டியில் நம்து, பாட்வின் ஈய வெள்ளிச் சுரங்கங்களை நடத்திய பர்மா கார்ப்பரேஷனின் பத்திரம் இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

பெட்டியில் இருப்பது ‘அர்பத்நாட்’ என்று தலைப்பிட்ட காகிதம் என்றால் அது பெரும்பாலும் பங்கே அல்ல, வைப்புத்தொகைச் சீட்டு. 1906 அக்டோபர் 22 அன்று அந்தச் சென்னை வங்கி நிறுவனம் கதவை அடைத்ததில் சென்னை நடுத்தரக் குடும்பங்கள் அழுத அழுகைக்குப் பிறகுதான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

ஐந்தாவது, சுரங்கத்தைத் தேடாதீர்கள், கம்பெனியைத் தேடுங்கள்

நான் செய்த பெரிய தவறு இது. ‘கோலார்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நாலு மாதம் ஓடினேன். சுரங்கங்களை மைசூர் அரசு 1956இல் எடுத்துக்கொண்டது, பிறகு மத்திய அரசு, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ், 2001 பிப்ரவரி 28 அன்று மூடல். இத்தனையையும் மனப்பாடம் செய்தேன். ஒன்றுக்கும் உதவவில்லை.

சுரங்கம் வேறு, கம்பெனி வேறு. அரசு சுரங்கத்தை எடுத்தால் இழப்பீடு கம்பெனிக்குப் போகும். கம்பெனி கடனை அடைத்து, மிச்சத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துவிட்டுக் கலையும். புதிதாகச் சுரங்கத்தை நடத்தும் நிறுவனத்துக்கும் பழைய பத்திரத்துக்கும் தொடர்பே இல்லை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பத்திரத்தில் உள்ள அதே கம்பெனி இன்று இருக்கிறதா, வேறு கம்பெனியோடு இணைந்ததா, கலைந்ததா?

இந்தியப் பதிவு என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். இயங்குகிறதா, நீக்கப்பட்டதா, இணைக்கப்பட்டதா என்று காட்டும். மிகப் பழையவை அங்கே இருக்காது. அவற்றுக்கு எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும்தான் கதி. புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் கம்பெனிகள் கலைப்பு அறிவிப்புகள் வரும். ஆண்டு தெரிந்தால் தேடிவிடலாம். தெரியாவிட்டால் தூசிதான் மிஞ்சும்.

செகண்ட் லைன் பீச்சில் இருந்த சென்னைப் பங்குச் சந்தைக்குப் போனால் தெரியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சந்தை 1920இல் தொடங்கி, சில ஆண்டுகளில் நின்று, 1937இல் மறுபடி எழுந்து, 2015இல் சந்தையாக இருப்பதிலிருந்தே விலகிவிட்டது. நானும் போய்க் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, எதிரில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இங்கிலாந்துப் பதிவு என்றால் வேலை உண்மையில் எளிது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘பி.டி. 31’ என்ற வரிசை இருக்கிறது. கலைந்த கம்பெனிகளின் கோப்புகள். பெயர்ப்பட்டியலை வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். எல்லாக் கம்பெனிகளின் கோப்பும் இல்லை. ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டார்கள். இருந்தால் அதிருஷ்டம், ஏனெனில் பங்குதாரர் பட்டியலே உள்ளே இருக்கும். பெயர், முகவரி, தொழில், எத்தனை பங்கு என்று எல்லாம். கலைப்பு அறிவிப்புகளை லண்டன் கெஜட்டிலும் இணையவழியே பார்க்கலாம்.

கட்டணம் கட்டி நகல் வரவழைத்தேன். முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் எங்கள் கம்பெனி கலைந்திருந்தது. பட்டியலில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இரண்டு எழுத்துப் பிழையோடு, ‘குமாஸ்தா, வண்ணாரப்பேட்டை, மதராஸ்’ என்ற விவரத்தோடு இருந்தது. ஏமாற்றியது யாருமில்லை. தங்கம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். தேடும்போது பெயரின் எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டலையும் முயன்று பாருங்கள். நம் முன்னோர் பெயரை அங்கே யாரும் ஒருமுறைகூடச் சரியாக எழுதியதில்லை.

ஆறாவது, கம்பெனி உயிரோடு இருந்தால்

இது நடக்காத காரியம் அல்ல. டாடா அயர்ன் அண்ட் ஸ்டீல் 1907இல் பதிவானது. இரும்புத்தாதுச் சுரங்கங்களையும் தானே நடத்தியது. 2005இல் டாடா ஸ்டீல் என்று பெயர் மாற்றிக்கொண்டு இன்றும் இருக்கிறது. அத்தகைய பத்திரம் கிடைத்தால் ஆட்டம் வேறு.

முதலில் அந்தக் கம்பெனியின் பங்கு மாற்று முகவருக்கு (பங்குதாரர் பதிவேட்டை வைத்திருப்பவர்), பத்திர எண்ணையும் பெயரையும் குறித்துப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பங்கு இன்னும் அந்தப் பெயரில்தான் இருக்கிறதா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தொடர்ந்து 7 ஆண்டுகள் ஈவுத்தொகை வாங்காமல் இருந்தால், பங்கே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அந்த நிதியின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்; திரும்பப் பெற ‘ஐஇபிஎஃப்-5’ படிவம்.

பிறகு வாரிசு. தாசில்தார் அலுவலகத்து வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாகவே கேட்கலாம். ஆனால் நாலு தலைமுறைக் கதைக்கு அது போதாது. பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றுதான் கேட்பார்கள். முதலில் வம்சாவளியை ஒரு பெரிய தாளில் வரையுங்கள். ஒவ்வொருவர் இறப்புக்கும் சான்று வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்களின் கிளைகளை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கும் உரிமை இருக்கலாம், பின்னால் வழக்கு அங்கிருந்துதான் வரும். உயில் இருந்தால் புரொபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) தேவையா என்பதை இன்றைய சட்டப்படி வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்குகளை விற்க முடியாது. வாரிசுக்கு மாற்றிக்கொள்ள முடியும், ஆனால் டீமேட் கணக்கில்தான் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) வந்து சேரும். கணக்கை முன்னதாகவே தொடங்கி வையுங்கள். எல்லாக் கூட்டலையும் போட்ட பிறகு, செலவு பங்கின் மதிப்பைத் தாண்டுகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். பத்துப் பேர் கையெழுத்துக்காகத் திருவொற்றியூருக்கும் துபாய்க்கும் அலைந்து, ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய் பிரித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஏழாவது, கலைந்துபோயிருந்தால்

இந்தியாவில் கலைந்த கம்பெனியின் கோரப்படாத பணம் அரசுக் கணக்கில் சேர்ந்துவிடும். இங்கிலாந்தில் கலைந்த கம்பெனியின் சொத்து அரசிக்கோ அரசருக்கோ போய்விட்டது. மீண்டும் பதிவேட்டில் சேர்க்கக் கேட்பதற்கான காலக்கெடு பொதுவாக 6 ஆண்டு. நூறாண்டுக்கு முந்தைய விஷயத்தில் அந்தக் கதவு மூடியதுதான்.

இந்த இடத்தில் ஒரு ஆள் வருவார். எங்களிடமும் வந்தார். ‘சுரங்கம் திறக்கப்போகிறது, பழைய பங்குதாரர்களுக்கு இழப்பீடு கோடியில் வரும், கோப்பை நகர்த்த முன்பணம் மட்டும் போதும்’ என்பார். பத்திரத்தின் அசலைக் கேட்பார். அசலைக் கொடுக்காதீர்கள், பணத்தையும் கொடுக்காதீர்கள். அவரிடம் ஒரே கேள்வி: ‘கம்பெனி எந்தத் தேதியில் கலைந்தது?’ எங்களிடம் வந்தவருக்கு அதற்குப் பதில் இல்லை; தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மதிப்பில்லாத பத்திரத்துக்கும் வாங்குவோர் உண்டு. பழைய பங்குப் பத்திரம் சேகரிப்பது உலகெங்கும் ஒரு பொழுதுபோக்கு. அழகான அச்சுப் படம், பதிந்த முத்திரை, பிரபலமானவரின் கையெழுத்து, அரிய கம்பெனி ஆகியவற்றுக்கு விலை. மடிப்பும் கறையும் விலையைக் குறைக்கும். விற்பதற்கு முன் ஏலத்தில் அதே கம்பெனியின் பத்திரம் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள்.

நாங்கள் விற்கவில்லை. அசல் ஒன்று, கிளைகள் ஐந்து என்பதால் நல்ல தாளில் ஐந்து வண்ண நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தோம். அசலைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினோம். வெயில் படாத, கசிவில்லாத உட்சுவரில், காகிதம் கண்ணாடியைத் தொடாமல் நடுவே அட்டை வைத்து. கணக்குப் புத்தகத்தின் அந்த ஆவணிப் பக்கத்தையும் நகலெடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வருபவர்களிடம் அத்தை முதலில் காட்டுவது அதைத்தான். ‘கால்’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, நான் அந்தப் பக்கம் இருக்கிறேனா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்.